படைவீரர், வங்கி ஊழியர், அப்பா: ஒரு நெடிய வாழ்வை எழுதி வைப்பது எப்படி?

அப்பாவின் கருமாதி முடிந்த மறுநாள், பரணில் கிடந்த கறுப்பு டிரங்குப் பெட்டியைத் தம்பி கீழே இறக்கினான். மூடியின் மேல் வெள்ளைப் பெயின்டில் படை எண், பதவி, பெயர், அடியில் ‘சேலம் ஜங்ஷன்’. ஐம்பது ஆண்டுகளாக அது எங்கள் வீட்டில் பழைய பாத்திரம் வைக்கும் பெட்டி. பித்தளை அண்டாவை எடுத்த பிறகு அடியில் விரித்திருந்த செய்தித்தாளைத் தூக்கினால், ஒரு துணிப்பை. அதற்குள் படையிலிருந்து விலகும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகம், ஐந்து பதக்கங்கள், ரப்பர் பேண்டு உருகி ஒட்டிப்போன ஒரு கட்டு மணியார்டர் கூப்பன்கள்.

அன்றுதான் தெரிந்தது, அப்பாவைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது மூன்றே சொற்கள் என்று: மிலிட்டரிக்காரர், பேங்க்காரர், அப்பா. தெருவில் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். நாங்களும் அப்படியே சொல்லிப் பழகியிருந்தோம். ஓராண்டு நினைவு நாளுக்குள் அவருடைய வாழ்வை ஒரு சிறு நூலாக எழுதிவிட வேண்டும் என்று அன்று முடிவு செய்து, பதினோரு மாதங்களில் முடித்தேன். சேலத்திலும் சுற்றுவட்டாரத்திலும் இதே போன்ற தந்தையோ தாத்தாவோ இருந்த குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்காகத்தான், செய்த வரிசையிலேயே இதை எழுதுகிறேன்.

முதல் படி: எதையும் எறியாதீர்கள்

பதினாறாம் நாளுக்குப் பிறகு வீட்டைச் சுத்தம் செய்யும் வேகம் வந்துவிடும். துணிமணிகளைத் தானம் கொடுக்கலாம், தவறில்லை. ஆனால் சட்டைப் பைகளைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். காகிதம் ஒன்றைக்கூட மூன்று மாதங்களுக்கு எறிய வேண்டாம். மின்கட்டண ரசீது, பழைய பாஸ்புக், கல்யாணப் பத்திரிகை, மருந்துச் சீட்டு, நாட்காட்டியின் ஓரத்தில் எழுதிய பால் கணக்கு எல்லாவற்றையும் ஓர் அட்டைப் பெட்டியில் போடுங்கள். எது உதவும் என்று முதல் மாதத்தில் யாருக்கும் தெரியாது. அப்பாவுக்கு ஏற்காடு கிளைக்கு மாற்றல் கிடைத்த ஆண்டை ஒரு கம்பளிக் கடை ரசீதிலிருந்துதான் கண்டுபிடித்தேன்.

அசல் ஆவணங்களை மட்டும் அன்றே தனியாக எடுத்து வையுங்கள். டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணை, பள்ளிச் சான்றிதழ், வங்கிப் பணி ஆணை ஆகியவை குடும்ப ஓய்வூதியத்துக்கும் தேவைப்படும். படை ஓய்வூதியம் இப்போது ஸ்பர்ஷ் என்ற இணையவழி ஏற்பாட்டில் போகிறது. அம்மாவின் பெயரிலோ பிறந்த தேதியிலோ ஆவணத்துக்கு ஆவணம் ஓர் எழுத்து மாறினாலும் அலைய வேண்டியிருக்கும். நூல் வேலைக்கு நகல்களை மட்டும் பயன்படுத்துங்கள். அசலை உறவினர் யாருக்கும் ‘பார்த்துவிட்டுத் தருகிறேன்’ என்றால்கூடக் கொடுக்க வேண்டாம். எனக்கு இதில் ஒரு பதக்க நாடா போய்விட்டது.

இரண்டாம் படி: ஆண்டுப் பட்டியல்

ஒரு நீள நோட்டை எடுத்து, பிறந்த ஆண்டு தொடங்கி மறைந்த ஆண்டு வரை, ஆண்டுக்கு நான்கு வரி இடம் விட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆதாரம் கிடைத்ததை நீல மையிலும், யாரோ சொன்னதைப் பென்சிலிலும் நிரப்புங்கள். இந்த இரண்டு நிறமும் பிறகு உங்களைப் பெரிய தவறுகளிலிருந்து காப்பாற்றும்.

முதல் வரியிலேயே சிக்கல் வரும். அந்தத் தலைமுறையில் பலருக்கும் பிறந்த நாள் இரண்டு உண்டு. பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதி ஒன்று, ஜாதகத்தில் இருப்பது ஒன்று. அப்பாவின் பள்ளிச் சான்றிதழில் 1937 ஜூன் 1. படையிலும் வங்கியிலும் அதே தேதிதான். ஜாதகத்திலோ வெகுதானிய ஆண்டு, ஐப்பசி மாதம் என்று இருந்தது. வெகுதானிய ஆண்டு 1938 சித்திரையில் பிறந்தது, ஆகவே அவர் பிறந்தது 1938 அக்டோபர் அல்லது நவம்பர். எது சரி என்று யோசித்துக்கொண்டிருந்தபோது திருக்கடையூரில் நடந்த அறுபதாம் கல்யாணப் படம் கிடைத்தது. பின்புறம் 1998 என்று எழுதியிருந்தது. தமிழ் ஆண்டு அறுபது சுற்றி மீண்டும் வெகுதானிய வந்தது 1998இல்தான். ஜாதகம்தான் சரி. சான்றிதழ்க் கணக்குப்படி 1997 மே 31 அன்று அறுபது முடிந்து வங்கியில் மாலை போட்டு வழியனுப்பினார்கள், உண்மையில் அவருக்கு அப்போது ஐம்பத்தெட்டரை வயதுதான். நூலில் இரண்டு தேதியையும் எழுதுங்கள். ஒன்றை மறைத்தால் பேரப்பிள்ளைகள் பின்னாளில் ஆவணத்தோடு ஒப்பிட்டுக் குழம்புவார்கள்.

ஊர்ப் பெயரிலும் கவனம் தேவை. பழைய தாள்களில் ‘சேலம் ஜில்லா’ என்று இருந்தால், அது இன்றைய சேலம் மாவட்டம்தான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தருமபுரி 1965இல் பிரிந்தது, கிருஷ்ணகிரியும் அரூரும் அதுவரை சேலம் ஜில்லாவில்தான் இருந்தன. நாமக்கல் பிரிந்தது 1997இல். அப்பா பிறந்த ஊர் ராசிபுரத்துக்குப் பக்கம். அவர் பிறந்தது சேலம் ஜில்லாவில், மறைந்தபோது அந்த ஊர் நாமக்கல் மாவட்டத்தில்.

பெரியவர்களுக்கு ஆண்டு நினைவிருக்காது, நிகழ்ச்சி நினைவிருக்கும். ‘எந்த வருஷம் சித்தப்பா?’ என்று கேட்காதீர்கள். ‘தனுஷ்கோடிப் புயலுக்கு முன்னாலா, பின்னாலா?’ என்று கேளுங்கள், 1964 டிசம்பர் என்ற கொம்பு கிடைத்துவிடும். அண்ணா மறைந்தது 1969 பிப்ரவரி. அவசரநிலை 1975 ஜூன். சேலத்துக்காரர்களுக்கு இன்னும் நெருக்கமானவை உண்டு: சிறையில் துப்பாக்கிச் சூடு நடந்தது 1950 பிப்ரவரியில், உருக்காலைக்கு அடிக்கல் நாட்டியது 1970இல், நகரம் மாநகராட்சி ஆனது 1994இல். இவற்றை நோட்டின் ஓரத்தில் முன்கூட்டியே குறித்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

மூன்றாம் படி: படைக்காலம்

எந்தக் குடும்பத்திலும் அதிகமாகக் கதை சேர்ந்திருப்பது இந்தப் பகுதியில்தான். ஆகவே ஆவணத்தை முதலில் பாருங்கள், கதையைப் பிறகு கேளுங்கள்.

டிஸ்சார்ஜ் புத்தகத்தில் படை எண், சேர்ந்த நாள், விலகிய நாள், பதவி, கல்வித் தேர்வுகள், பதக்கங்கள், நடத்தை பற்றிய குறிப்பு ஆகியவை இருக்கும். நம் பகுதியிலிருந்து போனவர்களில் பலர் வெலிங்டனைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் ரெஜிமென்ட்டிலோ, பெங்களூரில் உள்ள மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பிலோ இருந்திருப்பார்கள். பின்னதைச் சேர்ந்தவர்களைப் படையில் ‘தம்பி’ என்று அழைப்பது வழக்கம். அப்பா அங்கேதான் சேர்ந்தார். 1956இல் சப்பராக, அதாவது பொறியியல் பிரிவின் அடிநிலை வீரராகப் போய், 1972 டிசம்பரில் ஹவில்தாராகத் திரும்பினார். புத்தகம் தொலைந்திருந்தால் அந்தந்தப் பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு எழுதலாம். படை எண், பதவி, பெயர், சேர்ந்த ஆண்டு, உங்களுக்கும் அவருக்கும் உள்ள உறவு ஆகியவற்றோடு இறப்புச் சான்றிதழ் நகலையும் இணையுங்கள். சேலத்தில் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் முதலில் கேட்டுவிட்டு அனுப்புவது நல்லது, எந்தப் படிவம், எந்த முகவரி என்று அவர்கள் சொல்வார்கள். பதில் வரத் தாமதமாகும் என்பதால் இதை முதல் மாதத்திலேயே செய்துவிடுங்கள்.

அடுத்து பதக்கங்கள். பாலிஷ் போடாதீர்கள். விளிம்பில் படை எண்ணும் பெயரும் பொறித்திருக்கும், தேய்த்தால் தேய்ந்துவிடும். அதைப் பூதக்கண்ணாடியில் படியுங்கள். பிறகு பதக்கத்தின் பெயரைப் பாருங்கள். 1965 போரில் களப்பகுதியில் பணியாற்றியவர்களுக்குக் கொடுத்தது சமர் சேவா ஸ்டார். அந்த நேரத்தில் படையில் இருந்தவர்களுக்குப் பொதுவாகக் கொடுத்தது ரக்ஷா பதக்கம். 1971இல் கிழக்கு முனைக்குப் பூர்வி ஸ்டார், மேற்கு முனைக்குப் பஸ்சிமி ஸ்டார், இவற்றைவிடப் பரவலாக வழங்கப்பட்டது சங்கிராம் பதக்கம். 1972 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்தவர்களுக்கு விடுதலையின் 25ஆம் ஆண்டுப் பதக்கம். சைன்ய சேவா பதக்கம் இருந்தால் நாடாவின் மேல் ஒரு சிறு உலோகப் பட்டை இருக்கும். ஜம்மு காஷ்மீர், ஹிமாலயா, நேஃபா (வடகிழக்கு எல்லைப் பகுதி) என்று எங்கே பணியாற்றினார் என்பதை அது சொல்லிவிடும்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ‘அப்பா 65 சண்டையில் லாகூர் எல்லை வரை போனவர்’ என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தோம். பள்ளியில் நானே அப்படிக் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியிருக்கிறேன். பையில் இருந்ததோ ரக்ஷா பதக்கம், சமர் சேவா ஸ்டார் இல்லை. சைன்ய சேவா பதக்கத்தின் பட்டையில் நேஃபா. மணியார்டர் கூப்பன்களில் 1965 முழுவதும் ‘99 ஏ.பி.ஓ.’ முத்திரை, அது கிழக்குப் பகுதிப் படை அஞ்சலகத்தினுடையது. அப்பா அந்த ஆண்டு லாகூர்ப் பக்கமே போகவில்லை. இன்று அருணாசலப் பிரதேசம் என்று சொல்லும் மலைகளில் பாறையை உடைத்துச் சாலை போட்டுக்கொண்டிருந்தார். 1962 சீனப் போருக்குப் பிறகு அந்த எல்லைக்குச் சாலை எவ்வளவு அவசரமாகத் தேவைப்பட்டது என்பதை அறிந்தவர்களுக்கு, அது எவ்வளவு பெரிய வேலை என்று விளக்க வேண்டியதில்லை.

தம்பிக்கு மனம் ஒப்பவில்லை. ‘அப்படியே இருக்கட்டுமே அக்கா, யார் வந்து கேட்கப் போகிறார்கள்?’ என்றான். நான் மறுத்துவிட்டேன். லாகூர்க் கதையை அப்பா ஒரு நாளும் சொன்னதில்லை, யோசித்துப் பார்த்தால் அதைச் சொன்னது பெரியப்பாதான். அப்பா சொல்லாத ஒன்றை அவர் பெயரில் அச்சடிக்க எனக்கு உரிமை இல்லை. போர் நடந்த ஆண்டில் படையில் இருந்தவர்கள் எல்லாரும் போர்முனையில் இருந்தவர்கள் அல்லர். உங்கள் பதக்கமும் முத்திரையும் என்ன சொல்கின்றனவோ அதை மட்டும் எழுதுங்கள். அவர் பேசாமல் விட்டதை நீங்கள் நிரப்ப வேண்டாம். அந்த மௌனத்தையும் ஒரு வரியாக எழுதலாம்: ‘இதைப் பற்றி அவர் வீட்டில் பேசியதில்லை.’

கூப்பன்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்த நாள் மணியார்டர் படிவத்தின் அடியில், பணம் பெறுபவருக்குச் செய்தி எழுத ஒரு சிறு கட்டம் இருந்தது. தபால்காரர் பணத்தோடு அதைக் கிழித்துக் கொடுப்பார். கடிதம் எழுத நேரமில்லாத சிப்பாய்க்கு அந்தக் கட்டம்தான் கடிதம். அப்பாவின் கூப்பன் ஒன்றில் இப்படி இருக்கிறது: ‘நலம். ரூ.40. முதலில் செட்டியார் பாக்கி. மீதியில் அம்மா கண்ணுக்கு. எருமையை விற்க வேண்டாம்.’ மூன்று விரல் அகலத்தில் ஒரு வீட்டையே நடத்தியிருக்கிறார். உங்கள் வீட்டில் இப்படி ஒரு துண்டு கிடைத்தால் அதன் வாசகத்தை எழுத்துப் பிழையோடு அப்படியே நூலில் சேருங்கள், படத்தையும் பக்கத்தில் போடுங்கள். இன்லேண்ட் கடிதங்கள் கிடைத்தால் மடிப்பில் கிழியாமல் மெதுவாக விரித்து, ஒரு நாள் கனமான புத்தகத்தின் அடியில் வையுங்கள். நீல மை ஒளியில் மங்கும், நகல் எடுத்ததும் உறையில் போட்டுவிடுங்கள்.

நான்காம் படி: வங்கிக்காலம்

இங்கே நேர்மாறான சிக்கல். இருபது முப்பது ஆண்டுகள் வேலை பார்த்திருப்பார், ஆனால் சொல்ல ஒரு கதைகூட இருக்காது. ‘ஒன்பது மணிக்குப் போவார், ஏழு மணிக்கு வருவார்’ என்பார்கள். அந்த ஒன்பதுக்கும் ஏழுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று தேடுவதுதான் வேலை.

பின்னணியை இரண்டே வரியில் வையுங்கள். 1969 ஜூலை 19 அன்று 14 வங்கிகளும், 1980 ஏப்ரல் 15 அன்று மேலும் 6 வங்கிகளும் அரசுடைமையாயின. அதன் பிறகு கிராமங்களிலும் மலைகளிலும் கிளைகள் பெருகின, ஆட்கள் தேவைப்பட்டார்கள். படையிலிருந்து முப்பதுகளின் நடுவில் திரும்பியவர்களுக்கு அது இரண்டாம் வாழ்க்கை. இன்றும் பொதுத்துறை வங்கிகளின் எழுத்தர் பணியிடங்களில் 14.5 சதவீதம் முன்னாள் படைவீரர்களுக்கு ஒதுக்கீடு. அப்பா 1974இல் எழுத்தராகச் சேர்ந்தார்.

அவருடன் வேலை பார்த்தவர்களைத் தேடிப் போங்கள். வங்கி ஓய்வூதியர் சங்கக் கூட்டங்களில் யாராவது கிடைப்பார்கள். ‘அப்பா எப்படி?’ என்று கேட்டால் ‘தங்கமான மனிதர்’ என்று முடித்துவிடுவார்கள். வேலையைப் பற்றிக் கேளுங்கள். பணம் எப்படி எண்ணுவார்? சாவி யாரிடம் இருக்கும்? கணக்கு இடித்தால் என்ன செய்வார்? டிசம்பர் 31 அன்று எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு எல்லாருடைய முகமும் மலர்ந்தது. எண்பதுகளின் கடைசி வரை வங்கிகளுக்கு ஆண்டுக் கணக்கு முடிப்பு டிசம்பர் 31தான், பிறகுதான் மார்ச்சுக்கு மாறியது. பேரேடுகள் எல்லாம் கையெழுத்து. ஒவ்வொரு கணக்குக்கும் வட்டி போட்டு, மொத்தம் கூட்டி, பொதுப் பேரேட்டோடு சரியாக நிற்க வேண்டும். இருபது பைசா இடித்தாலும் விடிய விடியத் தேடுவார்கள். புத்தாண்டு அன்று காலையில் அப்பா பன் பொட்டலத்தோடு சிவந்த கண்ணோடு வந்து நிற்பது என் நினைவில் இருந்தது, காரணம் அன்றுதான் புரிந்தது.

கைகளைப் பற்றி எழுதுங்கள். அப்பா கேஷ் கவுண்டரில் பல ஆண்டுகள் இருந்தார். வலப்பக்கம் ஈர ஸ்பாஞ்ச், இடக்கையில் நூறு தாள் கொண்ட கட்டு. கட்டைவிரல் ஒவ்வொரு தாளாகத் தள்ளும், மோதிர விரல் தள்ளியதை உள்ளே மடக்கும். ஐம்பதாவது தாளில் அரை நொடி நிற்பார். அந்த நாட்களில் நோட்டுக் கட்டுகளைத் தைத்துவிடுவார்கள், 2001இல்தான் ரிசர்வ் வங்கி அதை நிறுத்தச் சொன்னது. தைத்த கட்டைப் பிரித்துப் பிரித்து அவருடைய வலது கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில் ஒரு பிளவு இருந்தது. கடைசி வரை ஆறவில்லை. வீட்டில் கல்யாணப் பத்திரிகை எண்ணினாலும், வெற்றிலை அடுக்கினாலும் ஐம்பதில் அந்த அரை நொடி வரும். ‘நேர்மையான காசாளர்’ என்ற இரண்டு சொல்லை எழுதுவதற்குப் பதில் இதை எழுதினேன்.

சேலத்து வங்கிக்காரர் என்றால் ஊரின் தொழில்கள் அவர் மேசை வழியாகத்தான் போயிருக்கும். செவ்வாய்ப்பேட்டையின் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள், லீ பஜார் மண்டி, அம்மாபேட்டை, குகை நெசவு, ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள். எந்தக் கிளையில் இருந்தாரோ அந்தத் தெருவுக்குப் போய் நில்லுங்கள். பழைய வாடிக்கையாளர் ஒருவராவது இருப்பார். ஆனால் ஓர் எல்லை உண்டு: யார் எவ்வளவு கடன் வாங்கினார், எவர் நகை ஏலத்துக்குப் போனது என்பது அப்பாவுக்குத் தெரிந்திருக்கலாம், உங்களிடம் யாராவது சொல்லவும் செய்யலாம். அதை நூலில் எழுதாதீர்கள். அவர் உயிரோடு இருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார்.

ஐந்தாம் படி: அம்மாவிடம் கேட்பது

இதற்கு அவசரப்படாதீர்கள், ஆனால் தள்ளியும் போடாதீர்கள். மூன்றாம் மாதத்துக்குப் பிறகு தொடங்கலாம் என்பது என் அனுபவம். மதியச் சாப்பாடு முடிந்து, தெரு அடங்கிய நேரத்தில், அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். கைப்பேசியில் பதிவு செய்வதைச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள், கையில் ஒரு பொருளைக் கொடுங்கள். புகைப்படமோ, அவருடைய மூக்குக்கண்ணாடியோ, ஒரு கூப்பனோ எதுவும் ஆகலாம். பொருள் கையில் இருந்தால் பேச்சு தானாக வரும்.

‘அப்பா உங்களை எப்படி வைத்துக்கொண்டார்?’ என்று நான் முதல் நாள் கேட்டேன். ‘நன்றாகத்தான் வைத்திருந்தார் கண்ணு’ என்று சொல்லிவிட்டு அம்மா எழுந்து போய்விட்டார். மறு வாரம் கூப்பனைக் கொடுத்து, ‘இந்தப் பணம் வரும் அன்று என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டேன். நாற்பது நிமிடம் பேசினார். தபால்காரர் பகலில் வருவார் என்று வாசலில் நெல் காயப் போட்டுக்கொண்டு காத்திருந்தது, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாததால் கூப்பனைப் பள்ளிக்கூடத்துப் பையனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னது, ‘அந்தப் பையன் முன்னால் எனக்கென்று ஒரு வார்த்தை எப்படி எழுதுவார்?’ என்று சிரித்தது. திருமணமான பிறகு வந்த கூப்பன்களில் ஓரத்தில் ஒரு சிறு புள்ளி இருக்கும். மை சிந்தியது என்று நினைத்திருந்தேன். அது அம்மாவுக்கு என்று அவர்களுக்குள் பேசி வைத்த அடையாளமாம்.

வருத்தமான செய்திகளும் வரும். அப்பாவும் சித்தப்பாவும் கிணற்றுப் பங்குக்காகப் பதினோரு ஆண்டுகள் பேசாமல் இருந்தார்கள். இதை எழுதலாமா என்று பல நாள் யோசித்தேன். ஒரு வழி வைத்துக்கொண்டேன்: சம்பந்தப்பட்டவர் தம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தலைகுனியாமல் படிக்க முடிந்தால் எழுதலாம், முடியாவிட்டால் விட்டுவிடலாம். ஆனால் விட்டுவிட்டு, அதற்கு எதிரானதை எழுதக் கூடாது. கிணற்று வழக்கை விட்டேன், ‘சகோதர பாசத்தின் இலக்கணம்’ என்று எழுதித் தந்த மாமாவின் வரியையும் அதோடு நீக்கிவிட்டேன்.

ஆறாம் படி: இடங்களுக்குப் போய் வருவது

அவர் தினமும் நடந்த வழியில் ஒரு நாள் நடந்து பாருங்கள். எங்களுக்கு முக்கியமான இடம் ஏற்காடு. ஆபீசர் பதவி உயர்வோடு அப்பா மூன்று ஆண்டுகள் மலையில் இருந்தார். சேர்வராயன் மலையில் காப்பி வந்தது 1820களில், அப்போதைய சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில். எஸ்டேட்டுகளைத் தவிர, நாகலூர், செம்மடுவு, வாழவந்தி ஊர்களில் மலையாளிப் பழங்குடி மக்களின் சிறு தோட்டங்கள் பல. அந்த நாளில் காப்பியை நேரே சந்தையில் விற்க முடியாது, எல்லாருடைய காப்பியையும் சேர்த்து விற்கும் காப்பி வாரியத்தின் பூலில் கொடுக்க வேண்டும், பணம் தவணை தவணையாக வரும். பழம் பறிக்கக் கூலி இன்று வேண்டும், விலை வருவது எப்போதோ. அந்த இடைவெளியில்தான் வங்கிக்கு வேலை. 1990களின் நடுவில் பூல் முறை போய்விட்டது. இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான், அப்பா ஏன் மலைக் கிராமங்களுக்கு நடந்தே போய்க் கையெழுத்து வாங்கினார் என்பது விளங்கியது.

மலை ஏறும் பஸ்ஸில் அவரோடு போன ஒவ்வொரு முறையும் ஒன்று நடக்கும். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள். நாங்கள் பள்ளத்தாக்கையும் கீழே தெரியும் சேலத்தையும் பார்ப்போம். அப்பா மலைப் பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்து தாங்குசுவரைப் பார்ப்பார். கல் அடுக்கியது எப்படி, தண்ணீர் வடிய ஓட்டை விட்டிருக்கிறார்களா, மழையில் எந்த இடம் வயிறு தள்ளியிருக்கிறது என்று. ஒரு மழைக்காலத்தில், ‘இந்த ஓட்டை அடைத்துக்கொண்டது, அடுத்த மழைக்கு இது நிற்காது’ என்று கண்டக்டரிடம் சொன்னார். பேங்க்காரருக்கு இதெல்லாம் எதற்கு என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. நேஃபா பட்டையைப் பார்த்த பிறகு தனியாக ஒரு நாள் அதே பஸ்ஸில், அதே பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்து போய் வந்தேன். நூலின் நடு அத்தியாயம் அந்தப் பயணத்தில்தான் கிடைத்தது.

ஏழாம் படி: எழுதுவது, அச்சடிப்பது

நாளுக்கு ஒரு பக்கம் போதும். ‘பண்பின் சிகரம்’, ‘ஈடு செய்ய முடியாத இழப்பு’ போன்ற சொற்களைச் சுவரொட்டிக்கு விட்டுவிடுங்கள். அந்த வரியில் வேறொருவர் பெயரைப் போட்டாலும் பொருந்தும் என்றால் அடித்துவிடுங்கள். மூன்று வாழ்க்கையையும் மூன்று தனிப் பகுதிகளாகப் பிரிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கூப்பனில் செட்டியார் பாக்கியை முதலில் வைத்தவரும், இருபது பைசாவைத் தேடி விடிய விடிய உட்கார்ந்தவரும், எங்கள் கல்லூரிக் கட்டணத்தை நாட்காட்டியில் முன்கூட்டியே குறித்து வைத்தவரும் ஒரே ஆள் என்பது தெரியும்படி அடுக்குங்கள்.

புகைப்படங்களின் பின்னால் பேனாவால் எழுதாதீர்கள், மென்மையான பென்சில் போதும். 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்யுங்கள். குழுப் படத்தில் இருப்பவர்களின் பெயர்களை இடமிருந்து வலமாக இப்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.

பக்க எண்ணிக்கை பதினாறின் மடங்காக இருந்தால் அச்சில் தாள் வீணாகாது. எங்களுடையது 64 பக்கம், 150 பிரதிகள். படிப்பவர்களில் பாதிப்பேர் எழுபது கடந்தவர்கள், ஆகவே எழுத்தின் அளவு 13 புள்ளிக்குக் குறைய வேண்டாம். மெய்ப்பை (புரூஃப்) நீங்களே பாருங்கள். எங்களுக்கு அச்சடித்தவர் ‘சப்பர்’ என்பதைப் பிழை என்று நினைத்து எல்லா இடங்களிலும் ‘சூப்பர்’ என்று திருத்திவிட்டார், கடைசி மெய்ப்பில்தான் கண்ணில் பட்டது. அச்சுக்குப் போகுமுன் முழுவதையும் அம்மாவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். ஆண்டுத் திதி ஆங்கிலத் தேதியில் வராது, பஞ்சாங்கம் பார்த்து நாளை உறுதி செய்துகொண்டு, அதற்கு ஒரு மாதம் முன்பே அச்சகத்தில் கொடுத்துவிடுங்கள்.

கடைசியில் நான்கு பக்கங்களை வெறுமையாக விடுங்கள். திதி அன்று நூலைக் கொடுத்து இரண்டு வாரம் கழித்து, செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். கொலுசுப் பட்டறை வைத்திருந்தவர். 37ஆம் பக்கத்தைத் திறந்து காட்டி, ‘உங்கள் அப்பா எங்கள் கிளைக்கு வந்தது 1983 இல்லை அம்மா, 1982. என் மூத்த மகள் காது குத்துக்கு வந்து அம்பது ரூபாய் மொய் வைத்தார், நோட்டு இருக்கிறது’ என்றார். மறுநாள் அந்த மொய் நோட்டைக் கொண்டுவந்து காட்டவும் செய்தார். எங்கள் வீட்டுப் பிரதியில் 1983ஐ அடித்து நீல மையில் 1982 என்று எழுதினேன். வெறும் பக்கத்தில் முதல் வரியாக அவரையே எழுதச் சொன்னேன்.